பேராண்டி படிக்கிற பணங்கேக்கும் பாடம்

வா பேராண்டி, இப்படி உக்காரு. காதுல செருகியிருக்கியே, அதக் கழட்டிச் சட்டைப்பையில போடு. நான் சொல்றதுக்கு ரெண்டு காதும் வேணும்.

உங்க அப்பத்தா சொன்னா, பேரன் கம்பெனிகள்ட்ட நிதி கேட்டு எழுதுறது எப்படின்னு காசு கட்டிப் படிக்கிறான்னு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. கேக்குறதுக்கு ஒரு படிப்பா? புரவியெடுப்புக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்கிற நம்ம ஊரு ஆளுக எந்தக் காலேசுல படிச்சாங்க? அப்புறம் ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சேன். வரி கேட்டு வாசல்ல நிக்கிறவன் முகத்தப் பாத்து, அவன் அப்பன் பேரக் கேட்டு, நாலு வார்த்த வஞ்சுட்டுத்தான் குடுக்குறாங்க. நீ முகந்தெரியாத ஆளுட்ட, அவன் வாசல மிதிக்காம, வெறுந்தாள்ல கேக்கப் போற. அதுக்குப் படிக்கத்தான் வேணும். ஒத்துக்கிறேன்.

போன தடவ வந்தப்ப அச்செடுத்த பாடக் கட்டு ஒன்ன விட்டுட்டுப் போனேல்ல? உங்க அப்பத்தா பணியாரத்துக்கு எண்ணெ ஒத்த அத எடுத்து வச்சிருந்தா. நாந்தான் புடுங்கி வாசிச்சேன். எண்ணெ படாத பக்கமெல்லாம் முடிச்சாச்சு. இங்கிலீசுதான், ஆனா டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுல பிட்மன் சுருக்கெழுத்து படிச்ச ஆளுட்ட இங்கிலீசக் காட்டிப் பயமுறுத்தாத. முதல் வாரப் பாடத்துல பக்கத்துக்குப் பக்கம் மஞ்சக் கோடு போட்டிருக்க. ரெண்டாவது வாரத்துல ஒரே ஒரு கோடு. மூணாவது வாரத்துல டீ டம்ளர் வச்ச வட்டம் மட்டும் இருக்கு. ஆபீசுல வேலையா? இருக்கும் இருக்கும். வேலை இருக்குறவனுக்குத்தான இந்தப் படிப்பே!

பிட்மன்னதும் ஞாபகம் வருது. வீட்டுல இருந்தே படிக்கிற இந்தச் சோலிக்குப் பிள்ளையார் சுழி போட்டவங்கள்ல அந்த மனுசனும் ஒருத்தரு. 1840ல இங்கிலாந்துல ஒரு பென்னி தபால் வந்துச்சு. உடனே ஐசக் பிட்மன் அட்டையில சுருக்கெழுத்துப் பாடத்தத் தபால்ல அனுப்ப ஆரம்பிச்சாரு. படிக்கிறவன் அதப் பாத்து எழுதித் திருப்பி அனுப்பணும், இவரு தப்பெல்லாம் திருத்தி மறுபடி அனுப்புவாரு. இதுல எது பாடம்னு நெனைக்கிற? அவரு மொதல்ல அனுப்புன அட்டை இல்ல, திருத்தித் திரும்பி வந்த அட்டைதான் பாடம். நீ கட்டுன பீஸ் ரசீது அந்தக் கட்டுக்குள்ளதான் இருந்துச்சு. சான்றிதழுக்குத் தனியாக் கட்டியிருக்க. எழுதுனத ஒருத்தர் வாசிச்சுத் திருத்தித் தர்றதுக்கும் ஒரு தொகை போட்டிருந்தான், அத மட்டும் வேண்டாம்னு விட்டுட்ட. சான்றிதழச் சட்டம் போட்டுச் செவுத்துல மாட்டலாம். தூக்கிட்டுப் போய்க் கண்மாய்ல கட்டுனா தண்ணி நிக்குமா?

நம்ம பக்கம் இந்தப் படிப்பு புதுசு இல்லடா. 1962ல டெல்லியில அஞ்சல் வழிக் கல்வி ஆரம்பிச்சான். மதுரையில 1971ல வந்துச்சு. 1985ல இக்னோ, 2002ல தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். நம்ம ஊருல பள்ளிக்கூடத்து வாத்தியாரு, பஸ்ஸு கண்டக்டரு, கூட்டுறவுச் சங்கத்துக் கிளார்க்குன்னு பட்டம் வாங்குனவன்ல பாதிப்பேரு இந்த வழிதான். சணல் கயிறு கட்டுன புத்தகப் பொட்டலம் தபால்ல வரும். அதப் பிரிக்காமயே பரீட்சைக்குப் போனவனும் உண்டு. அவன் பேரச் சொல்ல மாட்டேன், ஒனக்குச் சித்தப்பன் முறை ஆகணும். பாஸ் ஆனவன் என்ன செஞ்சான்னா, சனி ஞாயிறு தொடர்பு வகுப்புக்குத் தவறாமப் போனான். அங்க வாத்தியாரு சொன்னதவிட டீக்கடையில பக்கத்து ஊருக்காரன் சொன்னதுல படிச்சதுதான் சாஸ்தி. ஒன் பாடத்துலயும் கூடப் படிக்கிறவன் எழுதுனத நீ வாசிக்கணும், ஒன்னுத அவன் வாசிக்கணும்னு ஒரு வேலை இருக்கு. அத மட்டும் நீ தொடவே இல்ல. வீடியோவ இரட்டை வேகத்துல ஓட்டிப் பாக்குறியாமே? அந்த ஆளு பொம்மலாட்டம் மாதிரி வாயாட்டிட்டுப் போறான், நீயும் பாத்துட்டேன்னு டிக் போடுற. வீடியோ பாதி பாத்தாப் போதும்டா. வாரத்துக்கு ஒரு பத்தி, ஒன் சொந்தக் கண்மாயப் பத்தியே எழுதி எவன்ட்டயாவது திட்டு வாங்கு.

இப்ப நம்ம கண்மாயத் தூர்வார நிதி கேட்டு நீ எழுதியிருக்கிற புரபோசலுக்கு வருவோம். எடுத்து வாசிச்சேன். முதல் வரியிலேயே தொண்டையில முள்ளு.

"இவ்வூரின் முக்கியப் பிரச்சனை கண்மாய் தூர்வாரப்படாததே" அப்படின்னு எழுதியிருக்க. பேராண்டி, அது பிரச்சனை இல்ல. ஒனக்குத் தெரிஞ்ச மருந்து நம்ம ஊருல இல்லங்கிறத நோயின்னு எழுதி வச்சிருக்க. ஒம் பாடத்துலயே அஞ்சாவது வாரத்துல இதத்தான் பெரிய தப்புன்னு போட்டிருக்கான், நீ அங்க வரைக்கும் வரல. பிரச்சனை என்னன்னு எங்கிட்ட கேளு. தை மாசம் நெல்லு பால் புடிச்சு நிக்கிறப்ப கடைசியா ஒரே ஒரு தண்ணி வேணும். அந்த ஒரு தண்ணிக்கு மடையத் தொறந்தா சேறுதான் வருது. வயித்தெரிச்சல் அதுதான். அதுல இருந்து எழுத ஆரம்பி. சென்னையில ஏசி ரூமுல உக்காந்து வாசிக்கிற அம்மாவுக்குக் கண்மாய் தெரியாம இருக்கலாம். வெளஞ்சு வந்தது கண்ணுக்கு முன்னால கருகுறது யாருக்கும் புரியும்.

சரி, அந்தக் கடைசித் தண்ணி ஏன் இல்ல? இத ஒரு நாளாவது கேட்டியா? மண்ணு மேடிட்டது உண்மைதான். ஆனா நம்ம கண்மாய் தனிக்காட்டு ராசா இல்ல. மேல கண்மாய் நெறஞ்சு, கலுங்கு தாண்டி மறுகால் பாஞ்சு, வரத்துக்கால் வழியா நமக்கு வரணும். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் கண்மாயெல்லாம் இப்படித்தான், ஒண்ணோட மிச்சம் அடுத்ததுக்கு. வரத்துக்கால்ல பாதி தூரம் சீமைக்கருவேலம். மீதியில ஒருத்தன் வரப்ப வெட்டி உள்ள தள்ளி, வாழை போட்டிருக்கான். தண்ணி வர்ற வழிய விட்டுட்டு, வந்து சேர்ற இடத்த மட்டும் ஆழப்படுத்துனா என்ன ஆகும்? ஆழமான காஞ்ச குழி கெடைக்கும். அதுல உங்க பயலுக கிரிக்கெட்டுகூட ஆட முடியாது.

அதுலயும் ஆறடி தோண்டணும்னு போட்டிருக்க! அந்த ஆறு எங்க இருந்து வந்துச்சு? மடையோட அடிமட்டம் எவ்வளவுன்னு பாத்தியா? மடைக்குக் கீழ தோண்டுன பள்ளத்துல நிக்கிற தண்ணி தானா வயலுக்கு ஏறாது. ஆடு மாடு குடிக்கும், கெணத்துல கொஞ்சம் ஊறும், அது நல்லதுதான். ஆனா நீ "பாசனப் பரப்பு அதிகரிக்கும்"னு சத்தியம் பண்ணிருக்க. அது வேற இது வேற. பணம் குடுத்தவன் ஒரு இஞ்சினியர அனுப்புனா, அவன் மடையில ஒரு குச்சிய விட்டுப் பாத்துட்டு ஒன் புரபோசல மூடிருவான்.

"விவசாயிகளின் வாழ்வாதாரம் 40 சதவீதம் உயரும்"னு இன்னொரு வரி. ஒன்ன நான் சின்னப் புள்ளையில இருந்து பாக்குறேன், நீ பொய் சொல்றப்ப எப்பயும் முழு எண்ணாத்தான் சொல்லுவ. இப்ப எவ்வளவு வருமானம்னு கணக்கெடுத்தியா? எடுக்கல. எடுக்காம 40 உயரும்னா எதுக்கு மேல உயரும்? நீர்ப்பாய்ச்சியப் போய்ப் பாரு. எந்த வருசம் மடையில எத்தன நாள் தண்ணி ஓடுச்சு, எத்தன ஏக்கர் கடைசித் தண்ணிக்குத் தவிச்சுச்சு, எந்தக் குடும்பம் மோட்டார் வாடகைக்கு எடுத்துப் பாய்ச்சுச்சு, எல்லாம் அந்த ஆளு மனசுல இருக்கு. ஒரு நோட்டு எடுத்துட்டுப் போ. வெத்தலையும் கொண்டு போ. அவரு ஒரு பொழுதுல சொல்றது, ஒன் மடிக்கணினி ஒரு மாசம் தேடுனாலும் கெடைக்காது.

நீ எந்திரத்துட்ட எழுதச் சொன்னியா? மறைக்காத. ரெண்டாவது பக்கத்துல நம்ம ஊரு பேர எடுத்துட்டு உசிலம்பட்டின்னு போட்டாலும் ஒரு எழுத்து மாத்த வேண்டியதில்ல. நான் உங்க அப்பத்தாகிட்ட போட்டுக் காமிச்சேன். "நல்லாத்தான இருக்கு, எந்த ஊரு இது?"ன்னா.

பாடத்துல ஒரு கட்டம் வருதே, நாலு வரிசை நாலு பத்தின்னு, லாக்ஃபிரேம். அத நான் ரசிச்சேன். 1969ல அமெரிக்க அரசாங்கத்து உதவி நிறுவனத்துக்காக லியான் ரோசன்பர்க்குங்கிறவரு கூட்டாளிகளோட சேந்து போட்ட கட்டம். கோடி கோடியாச் செலவு பண்ணிட்டு எதுக்குப் பண்ணுனோம்னு அவங்களுக்கே தெரியலையாம். அதுக்குக் கட்டுன கடிவாளம். கீழ இருந்து மேல வாசிக்கணும். இந்த வேலையச் செஞ்சா இது கெடைக்கும், அது கெடைச்சா இந்த மாத்தம் வரும், அது வந்தா ஊருக்கு இந்த நல்லது. நடந்துச்சான்னு எதப் பாத்துச் சொல்றது, அத எங்க போய்ச் சரிபாக்குறது, இது பக்கத்துப் பத்திக. கடைசிப் பத்தியில, நம்ம கையில இல்லாத எது எது நடந்தாத்தான் இது பலிக்கும்னு எழுதணும்.

அந்தக் கடைசிப் பத்தியில நீ என்ன எழுதியிருக்க? "மழை பெய்யும்." மொத்தப் புரபோசல்லயும் மனசறிஞ்சு எழுதுன ஒரே வரி அதுதான். ஆனா போதாது. மேல ஊருக்காரன் கலுங்குல மணல் மூட்டை அடுக்க மாட்டான், இது அந்தப் பத்தியில வரணும். வாழை போட்டவன் வழி விடுவான், இதுவும் வரணும். எழுதிப் பாத்தீன்னா ஒடம்பு வேர்க்கும். வேர்க்கட்டும், அந்தப் பத்தி இருக்குறதே அதுக்குத்தான். நடக்குமான்னு சந்தேகம் வந்தா அத அனுமானமா விட்டு வைக்காத, போய்ப் பேசி முடிச்சு வேலைப் பட்டியல்ல சேத்துக்க.

குடுக்கிறவன் யாருன்னு பாத்தியா? நீ ஒரே கடுதாசிய நகல் எடுத்து எல்லாருக்கும் விடப் போறன்னு கேள்விப்பட்டேன். 2013 கம்பெனிச் சட்டத்துல 135வது பிரிவுன்னு ஒண்ணு. நிகர மதிப்பு 500 கோடி, இல்ல விற்றுமுதல் 1,000 கோடி, இல்ல நிகர லாபம் 5 கோடி, இதுல எதத் தொட்டாலும் அந்தக் கம்பெனி முந்துன மூணு வருசத்து லாபச் சராசரியில 2 சதவீதத்தச் சமூகத்துக்குச் செலவு பண்ணணும். அவன் தர்மப் பிரபுவும் இல்ல, நீ யாசகனும் இல்ல. அவனுக்கு ஒரு கடமை கழியணும், ஒனக்கு ஒரு கண்மாய் நெறயணும். தொழில் நடத்துற வட்டாரத்துக்கு முன்னுரிமை குடுக்கணும்னு அந்தப் பிரிவுலயே இருக்கு. அதனால பம்பாய்க்கு எழுதுறதுக்கு முந்தி, நம்ம மொட்டைமாடியில நின்னா எந்த ஆலைப் புகை தெரியுதுன்னு பாரு. எந்தக் கம்பெனி எந்தெந்த வேலைக்கு எவ்வளவு குடுத்துச்சுன்னு மத்திய அரசே இணையத்துல போட்டு வச்சிருக்கு. பள்ளிக்கூடத்துக்குக் கக்கூஸ் மட்டுமே கட்டிக் குடுக்குறவன்ட்ட கண்மாயக் கொண்டு போனா, கண்மாய்க் கரையில கக்கூஸ் கட்டுவான்.

இப்ப ஒரு குண்டு போடப் போறேன், தண்ணியக் குடிச்சுக்க. பணங்கேக்குற உங்க டிரஸ்ட்ட எப்பப் பதிஞ்சீங்க? போன பொங்கலுக்கா? கம்பெனிக பண்ற இந்தச் சமூகச் செலவுக்கான சி.எஸ்.ஆர். விதிப்படி, கம்பெனி தானா ஆரம்பிக்காத வெளி அமைப்பா இருந்தா, அந்த மாதிரி வேலையில மூணு வருச அனுபவமாவது இருக்கணும். வருமான வரித் துறையோட 12ஏ, 80ஜி பதிவு ரெண்டும் வேணும். 2021 ஏப்ரல்ல இருந்து சி.எஸ்.ஆர்.-1 படிவமும் போட்டு எண் வாங்கியிருக்கணும். வெளிநாட்டுப் பணம்னா எஃப்.சி.ஆர்.ஏ. சட்டம்னு தனி மலை. அதுக்கும் மூணு வருசம் கழிஞ்சிருக்கணும், அந்த மூணு வருசத்துல 15 லட்சமாவது செலவு பண்ணிக் காட்டணும், பணம் வந்து விழுற கணக்கு டெல்லியில ஸ்டேட் பாங்கு முதன்மைக் கிளையிலதான். 2020ல திருத்துனதுக்கு அப்புறம் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தத் தாண்டக் கூடாது. ஒருத்தன் வாங்கி இன்னொருத்தனுக்குப் பிரிச்சுக் குடுக்கவும் கூடாது.

முகத்தத் தொங்கப் போடாத. ஒம் பாடத்த எழுதுனவன் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கான், அவனுக்கு 12ஏ தெரியாது, 80ஜி தெரியாது, நம்ம பஞ்சாயத்துத் தலைவரையும் தெரியாது. கேக்குற முறையக் கத்துக் குடுப்பான், கேக்குற தகுதியத் தர மாட்டான். வழி இருக்கு. மதுரையில தானம் அறக்கட்டளை மாதிரி கண்மாய் வேலையில பழம் தின்னு கொட்டை போட்ட அமைப்புக உண்டு. ஒன் பேரக் கொஞ்சம் பின்னால வச்சு, அந்த மாதிரி ஒருத்தங்களோட சேந்து அவங்க பேருல போ. ஒனக்கு அனுபவக் கணக்கும் ஓட ஆரம்பிச்சுரும். ஒன் போட்டோ முதல் பக்கத்துல வராது. வராட்டிப் போகுது, மூஞ்சியப் பாத்தா மழை பெய்யுது?

இதுல நம்ம பாட்டன்மாருக கெட்டிக்காரங்க. எனக்குப் பாடம் சொன்ன தமிழய்யா ஆற்றுப்படைன்னா உசுர விடுவாரு. பத்துப்பாட்டுல அஞ்சு பாட்டு அந்தச் சாதி. அதுல நாலு, பரிசில் வாங்கிட்டு வர்றவன் எதுக்க வர்ற வறியவன நிறுத்தி, எந்த வள்ளல்ட்ட போகணும், எந்த வழியாப் போகணும், அங்க எப்படி நடத்துவாங்கன்னு சொல்லி அனுப்புறது. கரிகாலன்ட்ட போறவனுக்கு ஒரு பாட்டு, நல்லியக்கோடன்ட்ட போறவனுக்கு ஒரு பாட்டு. பொதுவா "மதிப்புக்குரிய வள்ளல்களுக்கு"ன்னு ஒருத்தனும் பாடி வைக்கல. நீயும் ஏற்கெனவே வாங்குனவனத் தேடு. அவன் எழுதிக் குடுத்த புரபோசல் ஒண்ணக் கேட்டு வாங்கி வாசி. தள்ளுபடியானதும் ஒண்ணு குடுத்தான்னா கும்புட்டு வாங்கிக்க, அதுலதான் சரக்கு கூட.

எழுதுற முறை பாடத்துல சரியாத்தான் இருக்கு. 1972ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல நார்ட்டன் கிரிட்ஸ்ங்கிறவரு இதுக்குன்னே ஒரு பயிற்சி நிலையம் ஆரம்பிச்சு, அறிமுகம், பிரச்சனை, நோக்கம், வழிமுறை, மதிப்பீடு, பணம் தீந்தப்புறம் என்ன, செலவுக் கணக்கு, எல்லாத்துக்கும் முன்னால சுருக்கம்னு வரிசை போட்டுக் குடுத்தாரு. நான் திங்கக்கிழமை திங்கக்கிழமை கலெக்டர் ஆபீசுக் குறைதீர் கூட்டத்துக்கு ஊருக்காக மனு எழுதுனவன். அங்கயும் "பொருள்"னு போடுற அந்த ஒத்த வரியிலதான் உசுரு. கலெக்டர் அத வாசிச்சு யாருட்ட தள்ளுறதுன்னு முடிவு பண்ணிருவாரு. சுருக்கத்தக் கடைசியா எழுதி மொதல்ல வை. ஒன்னுது சுருக்கமே மூணு பக்கம், அத நான் வாசிக்கல.

செலவுக் கணக்குல ஒரு இடம் மட்டும் சொல்லிட்டு விட்டுர்றேன். "இதர செலவு 3 லட்சம்." இதரன்னா யாரு, ஒங்க மச்சினனா? ஜேசிபி எத்தன மணி நேரம், டிராக்டர் எத்தன நடை, மடை பூச எத்தன மூட்டை சிமெண்டுன்னு பிரிச்சுப் போடு. வண்டல உழவுக்குப் போடுற ஊருச் சனம் தன் செலவுல அள்ளிட்டுப் போகும், அதையும் ஊரு பங்குன்னு காட்டு. ஆனா அள்ளுறதுக்கு அனுமதி வாங்கணும். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேலன்னா கண்மாய் நீர்வளத் துறையோடது, கம்மின்னா ஒன்றியத்தோடது. அந்தக் கடுதாசி இல்லாம எந்தக் கம்பெனியும் ஜேசிபிய எறக்க விட மாட்டான். பணம் தீந்தப்புறம் வரத்துக்கால யாரு செதுக்குறது? "சமூகம் பராமரிக்கும்"னு எழுதியிருக்க. சமூகம்னா நானா? எனக்கு முட்டி வலி. ஏக்கருக்கு இவ்வளவுன்னு வருசா வருசம் வசூலிக்க ஆயக்கட்டுக்காரங்க ஒரு சங்கம், அதுக்கு ஒரு வங்கிக் கணக்கு, ஒரு தீர்மான நகல். அத வாங்கி இணைப்புல வை.

வர்ற ஞாயித்துக்கெழமை லீவு போடாம, மீட்டிங்குன்னு சொல்லாம வந்து சேரு. இந்தச் செருப்போட வராத, கருவமுள்ளு அடியில ஏறிரும். வரத்துக்கால் நெடுக நடந்து மேல ஊரு கலுங்கு வரைக்கும் போறோம். போன்ல படம் புடி, ஒன்ன இல்ல, வாய்க்கால. வாழை போட்டிருக்கான்ல, அவன் பொண்டாட்டி ஒனக்கு அத்தை முறை. நீதான் பேசணும், நான் பேசுனா பழைய கணக்கெல்லாம் வெளிய வரும். மேல ஊருத் தலைவரு மோரு குடுப்பாரு. புளிச்சுப் போயிருக்கும், வேண்டாம்னு மட்டும் சொல்லிப்புடாத. ரெண்டாவது டம்ளரு ஊத்துறப்ப கலுங்குப் பேச்ச எடு.